தொட்டிக்கு நடுவே ஒரு சிலேட்டு

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் பிழைக்க வந்த ஆண்களில் பலர் அப்படித்தான். ஊரில் ஒருத்தி காத்திருப்பாள், இங்கே ஒருத்தி சோறு ஆக்கிப் போடுவாள். நடுவில் கடல் கிடந்ததால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. நானும் அந்தக் கடலை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

கடல் என்னைக் கைவிட்டது. ஊரில் மாமியார் போய்ச் சேர்ந்ததும், தனியாக நின்றவளை அவள் அண்ணன் கப்பல் ஏற்றிவிட்டான். தெரிந்தவர்கள் துணையோடு சிங்கப்பூரில் இறங்கி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, பஸ்ஸும் படகுமாக நாங்கள் இருந்த மூவாருக்கு வந்து, ஒரு நண்பகலில் எங்கள் பலகை வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் ஒரு பித்தளைச் செம்பு. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது நான்.

"நீதானா?" என்றாள்.

"உள்ள வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைவிட வயதில் மூத்தவள் என்பதைப் பார்த்ததும் மனசுக்கு ஓர் ஆறுதல் வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். குளித்துவிட்டு வந்து கொல்லையில் நின்று தலையை உலர்த்தினாள். முடி முழங்காலைத் தொட்டது. என் முடி எலிவால். அன்று முதல் அவள் தலை வாரும் நேரத்தில் நான் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே பெரிய பாடாக இருந்தது. முறைப்படி அக்கா என்று சொல்ல வேண்டும். என் வாயில் வரவில்லை. "இங்க பாருங்க", "கேக்குதா" என்றே ஓட்டினேன். அவளும் என்னைப் பெயர் சொல்லவோ தங்கச்சி என்று சொல்லவோ இல்லை. பெரும்பாலும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். "உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்பாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன்.

அவருக்கு ஆற்றோரத்தில் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் ரப்பர் கிடங்கில் வேலை. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து தரம் பிரிக்க வேண்டும். குமிழி இல்லாமல், அழுக்கு இல்லாமல், தேன் நிறத்தில் வெளிச்சம் விடுவது முதல் தரம். கறுத்தும் தடித்தும் புகைக் கறையோடும் இருப்பது கடைசித் தரம். தம் கண்ணைப் பற்றி அவருக்குக் கர்வம் அதிகம். சந்தையில் வெண்டைக்காய் வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள்.

கல்யாணமான புதிதில் அவர் எனக்கென்று கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள் அந்தக் கண்ணாடித் தொட்டி. தவுக்கே தங்க மீன் வளர்த்து, தொட்டி ஒழுக ஆரம்பித்ததும் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. ஆற்றங்கரையில் படகில் ஓட்டை அடைக்கிறவர்கள் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அதே மாதிரி காய்ச்சி, மூலை மூலையாக அடைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாசாரில் ஒரு மலாய்க்காரர் போத்தலில் வைத்து விற்ற சிவப்புச் சண்டை மீன் ஒன்றை அவர் வாங்கி வந்தார். அதற்குக் கொசுப்புழு பிடித்துப் போட்டு வளர்த்தது நான். தொட்டியும் என்னுடையது, மீனும் என்னுடையது. அந்த வீட்டில் என்னுடையது என்று அடித்துச் சொல்லக்கூடிய மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதற்குத்தான் இப்போது பங்கு வந்திருந்தது.

அவள் வந்து கொஞ்ச நாளில் இன்னொரு சங்கதியும் வந்தது. தவுக்கே சிகாமட்டில் புதுக் கிடங்கு திறக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ள இவரைத்தான் அனுப்புகிறார். கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு சாய்ப்பும் தருகிறார்கள். ஒருத்தியைத்தான் கூட்டிக்கொண்டு போக முடியும். மற்றவள் மூவாரிலேயே இருக்க வேண்டியதுதான், மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வார்.

"யாரக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' எங்கள் இருவரையும் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நான் நண்டுக் குழம்பு வைத்தால் அவள் பருப்புத் துவையல் அரைப்பாள். அவள் அவர் வேட்டிக்கு நீலம் போட்டால் நான் சட்டைக்குக் கஞ்சி போடுவேன். அவர் இரண்டையும் சாப்பிடுவார், இரண்டையும் உடுத்துவார். ஏப்பம் விட்டுவிட்டு என்னிடம், "அவ வச்ச ரசத்தக் குடிச்சுப் பாத்தியா? மிளகு தட்டிப் போட்டிருக்கா" என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். மறுநாள் நான் அதைவிட நல்ல ரசம் வைப்பேன். அதைக் குடித்துவிட்டு எழுந்து போய் அவளிடம் என் ரசத்தைப் பற்றிச் சொல்வார். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்கும். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவள் வயிறு எரியட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பகலில் அவளுக்குப் போக்கிடம் இல்லை. மலாய் தெரியாது, தெரு தெரியாது. என் தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். என் மீனிடம் ஏதோ பேசுவாள். நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன். இதை அவர் பார்த்தார் போலிருக்கிறது. ஒருநாள் மாலை ஒரு போத்தலோடு வந்தார். உள்ளே நீலச் சண்டை மீன்.

"இது அவளுக்கு" என்றார் என்னிடம். "தொட்டி பெருசாத்தானே இருக்கு. நடுவுல எதையாவது வச்சுத் தடுத்துரலாம்."

என் தொட்டியில் பாதி போய்விட்டது. மறுத்தால் சிகாமட் போய்விடுமே என்ற பயம். ஆனால் ஒன்றை மட்டும் சொன்னேன்.

"தடுக்கிறதுன்னா ஒழுங்காத் தடுங்க. ஒண்ணு நெழலு ஒண்ணுக்குத் தெரியக் கூடாது."

இந்த மீன்களின் குணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண் மீன் இரண்டு ஒன்றையொன்று பார்த்துவிட்டால் செவுளை விரித்து, வாலை விசிறிபோல் பரப்பி, உடம்பை விறைத்துக்கொண்டு நிற்கும். கிட்டே போக முடிந்தால் கடித்துக் குதறிவிடும். போக முடியாவிட்டாலும் விடாது. நாள் முழுக்க முட்டி முட்டி, தின்னாமல் கொள்ளாமல் தேய்ந்துவிடும். அதனால்தான் தடுப்பில் பார்வை புகக் கூடாது.

மறுநாள் அவர் கிடங்கிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வேறு எதை எடுத்து வருவார். அதிலும் முதல் தரம், அவரே பொறுக்கியது. அளவாக வெட்டி, இரண்டு மூங்கில் பத்தைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டித் தொட்டியில் இறக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் ஷீட்டு தேன்போல மின்னியது. அதன் மேல் நீல மீனின் நிழல் அப்படியே விழுந்தது. என் சிவப்பு மீன் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

நான் சிரித்துவிட்டேன். நல்ல ஷீட்டு என்றாலே வெளிச்சம் விடுகிற ஷீட்டு. வாழ்க்கையெல்லாம் அதைத் தேடிப் பழகின கைக்கு, வெளிச்சம் விடாத ஒன்றை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவருக்குக் கோபம்.

கோபத்தில் மறுநாள் கடைசித் தரத்தைக் கொண்டுவந்தார். கறுப்பு, தடிப்பு, ஒன்றும் தெரியவில்லை. மீன்கள் அடங்கின. ஆனால் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தேநீர்போல் ஆயிற்று. ஷீட்டை உலர்த்தும் புகைக் கூண்டு நாற்றமும், ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் திராவக நெடியும் கூடமெங்கும் பரவின. இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள்தான் முதலில் பார்த்தாள். ஓடிவந்து இரண்டையும் கிண்ணத்தால் மொண்டு தனித்தனிச் சட்டியில் விட்டாள். என் மீனையும் அவளே எடுத்தாள். அதைத் தொட உனக்கு என்ன உரிமை என்று நாக்கு நுனிவரை வந்தது. மீன் பிழைத்துக்கிடந்ததால் விழுங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். தகரம் பளபளவென்று இருந்தது. என் மீன் அதில் தன்னையே பார்த்துச் சண்டைக்கு நின்றது. அவர் கையை உதறிவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து எதையாவது பண்ணுங்க" என்று போய்விட்டார்.

"சிலேட்டு கெடைக்குமா இங்க?" என்று அவள் கேட்டாள். அவர் அங்கே இல்லை. என்னிடம்தான் கேட்டாள்.

அந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று எனக்கு ஆத்திரம். கறுப்பு, வழவழப்பு, நீரில் ஊறாது, நாறாது, துருப்பிடிக்காது. நான் பிறந்து வளர்ந்த ஊர், என் தொட்டி, என் மீன், யோசனை மட்டும் நேற்று வந்தவளுக்கு. இருந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். சாமான் கடையில் கணக்கு எழுத வைத்திருக்கும் பெரிய சிலேட்டுகள் அடுக்கியிருந்தன. நான் மேலே இருந்ததை எடுத்தேன். அவள் அதை வாங்கி, ஊரில் பானை வாங்குவதுபோல விரலை மடக்கித் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். அடுத்ததைத் தட்டினாள். கடைக்காரச் சீனர் வேடிக்கை பார்த்தார்.

"அந்தம்மா என்னா பண்ணுது?" என்று மலாயில் என்னைக் கேட்டார்.

"தெரியலை" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். அவளைப் பற்றி இன்னொருவரிடம் பெருமையாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து போகக் கூடாது.

"இதுல விரிசல் இல்ல" என்று ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

வீட்டில் மரச் சட்டத்தைக் கழற்றினோம். சிலேட்டு தொட்டியின் அகலத்துக்கு விரல்கடை கூடுதலாக இருந்தது. என் அம்மியில் தண்ணீர் விட்டு அவள் ஓரத்தைத் தேய்க்க, நான் அவ்வப்போது தொட்டியில் வைத்து அளவு பார்த்தேன். கருஞ்சேறு வழிந்தது. தேய்ப்பதற்கு முன் வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். தங்க வளையல், ஊரில் தாலி கட்டிய புதிதில் அவர் போட்டது. எனக்கு அவர் வாங்கித் தந்தது கண்ணாடி வளையல்தான். தொட்டிக்கும் அம்மிக்கும் நடந்த ஒவ்வொரு நடையிலும் அந்த ஜன்னலைப் பார்த்தேன்.

பொருத்துவது ஓராளால் ஆகிற வேலை இல்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து சிலேட்டை நேராகப் பிடித்தாள். நான் இந்தப் பக்கமிருந்து கண்ணாடியோரமாக மூங்கில் பத்தைகளை நிறுத்தினேன், சிலேட்டின் இரு முகத்துக்கும் இறுக்கமாக, பக்கத்துக்கு இரண்டு. அடியில் மணலைக் குவித்து அழுத்தினேன், மீன் நுழைய இடமில்லாமல். சிலேட்டுக்கு மேல் தண்ணீர் போகாதபடி குறைத்து ஊற்றினோம். இந்த மீன் துள்ளவும் செய்யும்.

"சாயுது, ஒம் பக்கம்" என்றாள்.

"உங்க கைதான் ஆடுது" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. மீன்களை விட்டோம். சிவப்பு ஒரு சுற்றுச் சுற்றி, கறுப்புச் சுவரைப் பார்த்துவிட்டு, கொசுப்புழுவைத் தின்னப் போயிற்று. நீலமும் அப்படியே.

இதைக் கேட்கிற சிலர், அந்த மீன்கள் நீங்கள் இருவரும்தானே என்று என்னைக் கேட்டதுண்டு. இல்லை. மீனுக்கு எதிரே ஒருவன் தெரிந்தால்தான் கோபம், மறைத்தால் மறந்துவிடும். எனக்கு அப்படி மறக்க வராது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கும், அதற்கும் எரியும்.

ஒரு வாரம் போல அமைதியாகப் போயிற்று. பிறகு ஒரு மாலை அவர் கிடங்கு நண்பர் ஒருவரைக் கூட்டி வந்தார். நாங்கள் இருவரும் அடுப்படியில் இருந்தோம், ஆளுக்கொரு அடுப்பில். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். சிலேட்டின் மேல்விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினார். அடியில் இடைவெளி தெரிந்ததும் இரண்டு மீனும் பாய்ந்து வந்து விறைத்து நின்றன. நிறம் ஏறிற்று, வால் விரிந்தது. கடிக்கப் போகிற நேரத்தில் சிலேட்டை இறக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினார்.

"தொட்டியில ரெண்டு, வீட்டுல ரெண்டு" என்றார் நண்பர். "ஒங்களுக்கு யோகம்தான் லா."

அவர் மறுக்கவில்லை. சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புதிய முகம் இல்லை அது. அவ வச்ச ரசத்தக் குடிச்சியா என்று கேட்கும்போது இருக்கிற முகம். பாப்போம் என்று சொன்னபோது இருந்த முகம். இத்தனை நாளும் அதை நான் முடிவு தெரியாமல் யோசிக்கிற முகம் என்று நினைத்திருந்தேன்.

என் தோளுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவள் அடுப்பை மூட்டினாள்.

"தொட்டிக்குப் பூசினியாமே, அது இருக்கா?" என்றாள்.

குங்கிலியம் மாடத்தில் இருந்தது. இடித்தேன். அவள் எண்ணெயில் காய்ச்சினாள். மீன்களைச் சட்டிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து, கண்ணாடியைத் துடைத்து உலர விட்டோம். குச்சியால் தொட்டுத் தொட்டு, சிலேட்டு கண்ணாடியைத் தொடுகிற இடமெல்லாம், மூங்கில் இடுக்கெல்லாம், அடியெல்லாம் பூசினோம். அவள் பக்கத்தை அவள், என் பக்கத்தை நான். ஆறினதும் கல்லாக இறுகிவிட்டது. தண்ணீர் ஊற்றி மீன்களை விட்டோம். அப்போதும் எனக்கு அவள்மேல் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. குனிந்து பூசும்போது அந்த முடி அவிழ்ந்து விழுந்ததைப் பார்த்து எனக்கு எரியத்தான் செய்தது.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தினார். சிலேட்டைப் பிடித்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். தொட்டிதான் பலகையில் நகர்ந்தது.

"யாரு பண்ணது இது?" என்றார்.

"நாங்கதான்" என்றேன்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிடும்போது யார் சமையலைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"துணியெல்லாம் கட்டி வை. சிகாமட்டுக்கு நீதான் வர்றே."

அவளைக் குத்தத்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அவ்வளவு நாளும் அடுப்பில் வெந்தேன். சரி என்றேன். அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் ஜெயித்துவிட்டேன். தொட்டியை லாரியில் கொண்டுபோக முடியாது, உடைந்துவிடும் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிகாமட்டில் அந்த ஒற்றை அறையில் அவர் முழுக்க முழுக்க என்னுடையவர். விடிவதற்கு முன் எழுந்து அவருக்குச் சுடுதண்ணீர் வைப்பேன். மதியம் அவர் சாப்பிட வருவார், ராத்திரி வருவார். இன்னொருத்தியின் சமையல் இல்லாததால் என் சமையலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. வாய் திறந்தால், "மூவார்ல அவ என்ன பண்றாளோ" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் பழைய முகம் வரும். நான் எழுந்து போய் இன்னொரு பொரியல் செய்வேன்.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தபோது மூவாருக்குப் போனேன். அப்பாவைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்கும் போனேன். பட்டப்பகல். கதவு திறந்து கிடந்தது. அடுப்பு எரியவில்லை. கூடத்தில் பாய் விரித்து, அந்த முடியை அவிழ்த்துப் பரப்பி, காலை அகட்டிப் போட்டுக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். லேசான குறட்டை. என் காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அவசரமாக எழவில்லை.

"வந்தியா" என்றாள். "பழைய சோறு இருக்கு. போட்டுத் தின்னு." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் பகலில் கண் அயர்ந்ததில்லை. கைப்பையோடு அங்கேயே நின்று அவள் தூங்குவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் பிடித்தால்தான் அவருக்கு ராத்திரிச் சோறு ஆக்க முடியும். அவள் கப்பல் இறங்கி என் வாசலில் வந்து நின்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.